மேல்மலை இருட்டியதை யாரும் சொல்லவில்லை

கண்ணு, நேற்று நீ போனில் பேசிவிட்டு வைத்த பிறகு உனக்கு எழுதவேண்டும் என்று முடிவு செய்தேன். களமருதூர்ப் பக்கத்துப் பள்ளியில் நீ தலைமையாசிரியராகப் பொறுப்பேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. உன் குரலில் புதுச்சட்டையின் மொடமொடப்பு இன்னும் போகவில்லை. "வாத்தியாருங்கல்லாம் எப்படிப்பா?" என்று கேட்டேன். "தங்கமான ஸ்டாஃப்மா. சத்தமே இல்ல. இது வேணும் அது வேணும்னு ஒருத்தரும் வந்து நிக்கறதில்ல. நான் இன்னா சொன்னாலும் சரின்றாங்க, அவங்கவங்க வேலைய பாத்துகினு போறாங்க" என்றாய். உனக்கு முன்னால் இருந்தவர் எப்படி என்று கேட்டதற்கு, "ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாம்மா, எல்லாம் பயந்துகினு இருந்தாங்களாம்" என்று சிரித்தாய். நீ சந்தோஷமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை. போனிலேயே சொல்லியிருப்பேன், பாதியில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். எழுதினால் முழுதாகப் படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

நான் ரிட்டயர் ஆவதற்கு முன்னால் கல்வராயன் மலையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். பாதிதான் தெரியும். அப்போது நீ வெளியூரில் வேலையில் இருந்தாய். விடியற்காலையில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறி, பஸ்ஸிலிருந்து இறங்கி, அங்கிருந்து நடந்து போகவேண்டிய பள்ளி அது. ஊர்ப் பெயரை எழுத எனக்கு மனமில்லை. பள்ளிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் சாமையும் மரவள்ளியும் விளைகிற சரிவில் ஒரு குக்கிராமம். பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கிருந்துதான் வருவார்கள். பாலம் கிடையாது. முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர் ஓடும். பாறைமேல் கால் வைத்துத் தாண்டிவிடுவார்கள். வெயில் நாளில் பார்த்தால் அது ஒரு ஓடை என்றுகூடச் சொல்ல மாட்டாய்.

நான் சேர்ந்தபோது அங்கே தலைமையாசிரியையாக இருந்தவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். கனிவான பெண்மணி என்று நினைத்துக்கொள்ளாதே. வாய் துடுக்கு. முகத்துக்கு நேரே திட்டுவார். ஆனால் அந்த அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் பிரேயர் முடிந்ததும் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "இன்னா விசேஷம், சொல்லுங்க" என்று கேட்பார். சொன்னால் பதில் வரும், ஏதாவது நடக்கும். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படிக்கிறாள் என்று நான் சொன்ன வாரமே, அந்தப் பெண்ணைத் தானே கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போய்க் கண்ணாடி போடவைத்துக் கூட்டிவந்தார். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளைகளின் கண்ணையும் காதையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. சொன்னது வீணாகவில்லை என்று தெரிந்துவிட்டால் பார்வை தானாகக் கூர்மையாகிவிடுகிறது.

அந்தச் சமயத்தில்தான் கலியமூர்த்தி சார் வந்தார். நைனார்பாளையத்தில் விவசாயக் குடும்பம், அறிவியல் ஆசிரியர், முதல் வேலை. மலை அவருக்குப் பிடிக்கவில்லை. வந்த முதல் வாரமே டிரான்ஸ்பருக்கு யாரைப் பார்க்கவேண்டும் என்று என்னிடம் கேட்டார். பெரிய டீச்சர் அவருக்குப் புத்தி எதுவும் சொல்லவில்லை. தினம் கேட்கிற கேள்வியைத்தான் அவரிடமும் கேட்டார். ஆரம்பத்தில் "ஒண்ணும் இல்லீங்க" என்று நழுவினார். ஒருநாள் கேட்கிறார்களே என்பதற்காக, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளோடு ஓடைவரை போய் வந்ததைச் சொன்னார். புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவரிடம், "மேல்மலை இருட்டிச்சின்னா கீழ வெயிலடிச்சாலும் ஓடைய நம்பாத சாரு" என்று சொன்னாளாம். பெரிய டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப இனிமே மேல்மலைய நீங்க பாருங்க சார். நீங்க வந்து சொன்னா நான் பெல் அடிக்கறேன்" என்றார். அவ்வளவுதான். அந்த மனிதர் டிரான்ஸ்பர் பேச்சை விட்டுவிட்டார். ஏழாம் வகுப்பின் ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டார். பாடம் நடத்திக்கொண்டே மலையைப் பார்ப்பார். மேகம், காற்று, எறும்பு என்று பிள்ளைகளுக்கு அதையே பாடமாக்கினார். மேலே கறுத்தால் ஓடிவந்து சொல்வார், பெல் அடிக்கும், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சீக்கிரமே தாண்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

சில நாள் மழை வராது. மேகம் வேறு பக்கம் போய்விடும். அப்படி ஒரு நாளில் மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி, வகுப்பில் பாதி காலியாக இருப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டார். கலியமூர்த்தி சார் முகம் வெளுத்து முன்னால் வந்தார். பெரிய டீச்சர் அவரைப் பேசவே விடவில்லை. "பெல் அடிச்சது நான்தாங்க. இன்னா எழுதணுமோ எம்பேர்ல எழுதிக்கோங்க" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் கலியமூர்த்தி சார் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "டீச்சர், இந்தம்மா இருக்கற வரைக்கும் நான் டிரான்ஸ்பர் கேட்டு கீழ எறங்கமாட்டேன்" என்றார். இறங்கவும் இல்லை. அந்தம்மாதான் ரிட்டயர் ஆகி இறங்கிவிட்டார்.

அவர் இடத்துக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். இதைக் கவனமாகப் படி. நேரத்துக்கு வருவார். ஒரு சாக்பீஸைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார். வந்ததும் சுவருக்கு வெள்ளையடித்தார், கழிப்பறைக்குக் கதவு போட்டார். கீழே ஏதோ ஒரு பள்ளியில் இருந்தபோது ஒரு புகார் வந்து, இவர் பக்கம் நியாயம் இருந்தும் மேலதிகாரிகளில் ஒருவர்கூட இவருக்காகப் பேசவில்லையாம். அந்தப் பயத்தோடு மலை ஏறி வந்தவர். காலையில் கேட்கிற கேள்வி நின்றது. யாராவது ஏதாவது சொல்லப் போனால், "அத நீங்க பாத்துக்கோங்க, எங்கிட்ட கொண்டாராதீங்க" என்பார். இருந்தாலும் அந்த வருஷம் மழைக்காலம் ஆரம்பித்ததும் கலியமூர்த்தி சார் பழைய வழக்கப்படி போய்ச் சொன்னார். இவரும் அரைமனதோடு தலையாட்டினார். பிள்ளைகள் போனார்கள். அன்று மழை வரவில்லை. ஆனால் ஜீப் வந்தது.

"யாரக் கேட்டு விட்டீங்க?" என்று கேட்டார் வந்தவர். நாங்கள் எல்லோரும் வராந்தாவில் நின்றிருந்தோம். தலைமையாசிரியர் திரும்பிக் கலியமூர்த்தி சாரைப் பார்த்தார். "இவருதாங்க சார் வந்து சொன்னாரு. நான் ஆபீஸ் வேலைல இருந்தேன்" என்றார். பொய் என்று சொல்ல முடியாது. சொன்னது அவர்தானே. ஒரு வாரம் கழித்து மெமோ வந்தது. கலியமூர்த்தி சார் அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சண்டை போடுவார், அழுவார் என்று நினைத்தேன். அமைதியாக வகுப்புக்குப் போனார். மறுநாள் பார்த்தால் மேசை ஜன்னலோரத்தில் இல்லை. உள்சுவரை ஒட்டிக் கிடந்தது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருந்தால் எதுவும் நடக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பாய். அவர் ஒருநாளும் தாமதமாக வரவில்லை. பாடக்குறிப்பு முத்து முத்தாக இருந்தது. பிள்ளைகள் ஏதாவது கேட்டால் பதில் சொன்னார். தானாக எதையும் சொல்வதில்லை. தமிழாசிரியை வருஷா வருஷம் நாடகம் போடுவாள். அந்த வருஷம், "எதுக்குக்கா வம்பு" என்று விட்டுவிட்டாள். மதியச் சாப்பாட்டின்போது எங்கள் அறையில் டிபன் மூடி திறக்கிற சத்தம் மட்டும் கேட்கும். முன்பெல்லாம் எந்தப் பிள்ளை வரவில்லை, எந்த வீட்டில் குடி, எவளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்று சண்டைபோல் பேசிக்கொண்டிருந்த இடம் அது. யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். தலைமையாசிரியருக்கு நிம்மதி. என்னைக் கூப்பிட்டு, "இப்பதான் டீச்சர் ஸ்கூல் ஒழுங்கா ஓடுது" என்றார்.

நான் அப்போது சொன்னேன். "சார், கலியமூர்த்தி சாரு மலையப் பாக்கறத விட்டுட்டாரு. நீங்க ஒரு வார்த்தை கூப்ட்டுச் சொன்னீங்கன்னா பாப்பாரு." அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "அவரு பின்னாடி நான் நிக்கணும்ன்றீங்க. எம்பின்னாடி யாரு நிக்கறாங்க டீச்சர்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார்.

இந்த இடத்தில் உனக்கு உன் கதையையே நினைவுபடுத்தவேண்டும். நீ எட்டாவது படித்தபோது ஒருநாள் சாப்பிடும்போது, கணக்கு சார் காரணமில்லாமல் அடிக்கிறார் என்றாய். உங்கப்பா லாரியிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தார். "நீ இன்னா பண்ண? சும்மா ஒருத்தன் அடிப்பானா?" என்றார். நீ பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டாய். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். சில மாதம் கழித்து உனக்கு டைஃபாய்டு வந்தது. கொதிக்கிற உடம்போடு பள்ளிக்கூடம் போய், அங்கே மயங்கி விழுந்து, யாரோ சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். "ஏண்டா சொல்லல?" என்று நான் அழுதேன். நீ, "சொன்னா இன்னா ஆவப்போவுது" என்றாய். உங்கப்பா கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் தினம் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பள்ளிக்கதை கேட்டார். நீ ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையாகத்தான் கொடுத்தாய். ஒரே ஒரு கேள்வியில் மூடிய வாய் அது. ஒருவன் எப்படி வாயை மூடுகிறான் என்பதை வேறு யாரும் உனக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்த நாள் வந்தது. காலையிலிருந்து புழுக்கம். மதியம் நல்ல வெயில். மைதானத்தில் தும்பிகள் தரையோடு தரையாகப் பறந்துகொண்டிருந்தன. ஒரு நாய் வராந்தாவில் ஏறிக்கொண்டு விரட்டியும் இறங்க மறுத்தது. என் வகுப்பு முன்பக்கம். அங்கிருந்து மேல்மலை தெரியாது. கடைசி பெல் வழக்கமான நேரத்துக்கு அடித்தது. பிள்ளைகள் வழக்கம்போல் கத்திக்கொண்டு ஓடினார்கள். நான் கதவைப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் வந்தேன். மலையின் மேல்பாதியைக் காணோம். கரியைப் பூசியதுபோல் இருந்தது. கீழே என் காலடியில் வெயில் அடித்தது. அப்போதே ஒரு சத்தம் கேட்டது, தூரத்தில் லாரிகள் வரிசையாக வருவதுபோல. அங்கே லாரி வர ரோடே கிடையாது.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஓடை செம்மண் நிறத்தில் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஏழாம் வகுப்பு அலமேலு சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைப்பிடித்து அந்தப் பக்கம் சேர்த்திருக்கிறாள். கடைசியாக இந்தப் பக்கம் நின்ற ஒரு பெண்ணுக்காகத் திரும்பி வரும்போது தண்ணீர் வந்துவிட்டது. இந்தப் பக்கம் நின்றவளை நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அலமேலுவின் நீலப் பாவாடை ஒருமுறை மேலே தெரிந்தது. பிறகு தெரியவில்லை. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் அவ்வளவு. கீழே வளைவில் மூங்கில் புதர் ஒன்று அவளைப் பிடித்து வைத்திருந்தது. ஊர் ஆண்கள் கயிறு கட்டி இறங்கி எடுத்தார்கள். உயிர் இருந்தது. ஒரு காலைப் பாறை நசுக்கியிருந்தது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் அப்பா சுவரோரம் குந்தியிருந்தார். எங்களைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. மயக்கம் தெளிந்ததும் அவள் என்னைப் பார்த்து, நான் கேட்காமலே சொன்னாள். "மேல கறுத்துதான் இருந்துச்சு டீச்சர். பாத்தேன். ஆனா சாரு ஒண்ணும் சொல்லலியே. அதான் தண்ணி வராதுன்னு நெனச்சிகினேன்."

வாசலில் கலியமூர்த்தி சார் நின்றிருந்தார். அவர் காதில் அது விழுந்தது. வெளியே வராந்தாவில் என்னிடம், "நானும் பாத்தேன் டீச்சர்" என்றார். "தண்ணி குடிக்கத் திரும்பனேன், பாத்துட்டேன். பெல்லுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. எழுந்து வாசப்படி வரைக்கும் போனேன். அப்புறம் வந்து உக்காந்துகினேன்." அவ்வளவுதான் சொன்னார். அவர் கை இரண்டும் சட்டைப் பையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. கண்ணு, அந்த மனிதர் ஒரு காலத்தில் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துப் பாதிப் பாடத்தில் ஓடிவந்தவர். அவரே வாசற்படி வரைக்கும் போய்த் திரும்பி உட்கார்ந்தார்.

விசாரணை நடந்தது. பெல் சரியான நேரத்துக்கு அடித்திருந்தது. வருகைப்பதிவு சரியாக இருந்தது. ஓடை பள்ளி எல்லைக்கு வெளியே. யார்மேலும் தவறில்லை என்று முடிந்தது. தலைமையாசிரியர் முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதியைக் காணவில்லை. அதற்குப் பிறகு ஓடைப்பக்கம் யாராவது நடந்தாலே எழுந்து வந்து பார்ப்பார். ஒருநாள் கலியமூர்த்தி சாரின் வகுப்பு வாசலில் போய் நின்று, "சார், இனிமே நீங்க எப்ப சொன்னாலும்..." என்று ஆரம்பித்தார். கலியமூர்த்தி சார் எழுந்து நின்று, "சரிங்க சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். தலைமையாசிரியர் ஆரம்பித்ததை முடிக்காமலே திரும்பிப் போனார். அலமேலு பிறகு பள்ளிக்கு வரவில்லை. நான் இரண்டு மூன்று முறை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "இனிமே எதுக்கு டீச்சர்" என்றாள் அவள் அம்மா. மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டே அலமேலு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். உன் பள்ளியில் ஓடை இல்லை. சமவெளி, சுற்றிலும் நெல்வயல். ஆபத்து தண்ணீராக வராது என்றுதான் அர்த்தம். ஒரு பெண் சிலநாளாகக் கைவளையலை மணிக்கட்டுக்கு மேலே ஏற்றி எதையோ மறைத்துக்கொண்டிருப்பாள், ஒருவருக்குத் தெரிந்திருக்கும். சத்துணவுக் கூடத்துச் சுவரில் விரிசல் கொஞ்சம் அகன்றிருக்கும், ஒருவர் பார்த்திருப்பார். ஒரு பையன் பெஞ்சில் தலை கவிழ்த்துக் கிடப்பான். எல்லாவற்றையும் உன் ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். வாசற்படி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. ஒருமுறை யாரோ விரல் நீட்டியிருப்பார், அதை அவர்கள் மறக்கவில்லை. சர்க்குலரில் போட்டு, "குறைகளைத் தெரிவிக்கலாம்" என்று ஒட்டிவைத்தால் வரமாட்டார்கள். நீ அவர்கள் வகுப்புக்குப் போ. கேள். அவர்கள் சொன்ன ஒன்றையாவது செய்துகாட்டு. அது தப்பாகப் போய் மேலே இருந்து யாராவது வந்து நின்றால், "நான்தான்" என்று சொல். அந்த ஒரு வார்த்தைக்கு உனக்கும் ஒரு மெமோ வரலாம். உன் பின்னால் யாரும் நிற்கமாட்டார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்படியும் சொல்லவேண்டியிருக்கும், அதற்குத்தான் உன்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள். சீக்கிரம் செய். இது தள்ளிப்போடத் தள்ளிப்போட இறுகுகிற விஷயம்.

போன மாதம் கண் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பும்போது கலியமூர்த்தி சாரைக் கள்ளக்குறிச்சியில் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. இப்போது கீழே ஒரு பள்ளியில் இருக்கிறாராம். ஷேர் ஆட்டோவுக்காக நின்றுகொண்டே பேசினோம். "ஹெச்.எம். எப்படி சார்?" என்று கேட்டேன். "ரொம்ப நல்லவங்க டீச்சர்" என்றார். "தெனம் கூப்ட்டு கேக்கறாங்க, இன்னா சார், எதனா இருந்தா சொல்லுங்கன்னு. உக்காரவெச்சி டீ குடுத்து கேக்கறாங்க." நான் சந்தோஷப்பட்டு, "அப்புறம் இன்னா சார், சொல்றதுதானே" என்றேன். அவர் தூரத்தில் வந்த ஆட்டோவுக்குக் கை காட்டினார். ஆட்டோ வந்தது. ஏறுவதற்கு முன்னால் மெதுவாகச் சொன்னார்.

"பாக்கறது நின்னு போச்சு டீச்சர். இப்ப அவங்க கேட்டாலும், சொல்றதுக்கு எங்கண்ணுல ஒண்ணும் படறதில்ல."